ஒன்பதாம் எண் கூட்டின் கண்ணாடி

துப்பாக்கியை நான் கையில் எடுத்ததே இல்லை. ஆனால் துப்பாக்கியின் தோட்டாக் கூட்டைப் பற்றி எங்கள் குப்பத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. நான்கு மாதம், தினமும் மூன்று வேளை, பன்னிரண்டு கூடுகளுக்கு எதிரே உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. பழவேற்காடு ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஒரு மணல் திட்டில், ஒரு சர்க்கார் இலாகா முள்கம்பி வேலி போட்டது. உப்புக் காற்றில் எந்தப் பொருள் எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கிற இடம். சாய்வான இரும்புச் சட்டங்களில் பெயின்ட் அடித்த தகடுகள், ரப்பர் வளையங்கள், கயிற்றுத் துண்டுகள் என்று எதையெதையோ கட்டி வெயிலில் போட்டிருந்தார்கள். அவற்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத உள்ளூரில் படித்த பையன் ஒருவன் வேண்டுமென்றார்கள். குப்பத்தில் பன்னிரண்டாவது பாஸ் செய்தவன் நான் ஒருவன்தான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நைனா கைநாட்டு. தினக்கூலி வேலைதான் என்றாலும், ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் ஆகலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். நான் ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்திருந்தேன்.

புரட்டாசி கடைசியில் தோட்டாக் கூடுகள் வந்தன. துப்பாக்கிக்கு அடியில் செருகுகிற, லேசாக வளைந்த, ஒரு சாண் நீளப் பெட்டிகள். உள்ளே தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்களாம். இவை புதிதாகச் செய்து பார்த்தவை. பக்கவாட்டில் ஒரு விரல் அகலத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் பதித்திருந்தது. எத்தனை தோட்டா மீதி இருக்கிறது என்று சிப்பாய் கழற்றாமலே பார்த்துக்கொள்வதற்கு. அதை நாங்கள் கண்ணாடி என்றுதான் சொல்வோம். அந்தப் பிளாஸ்டிக் கடற்கரையில் எத்தனை நாளில் மங்கும் என்பதுதான் இலாகாவின் கேள்வி. எங்களிடம் வந்தவை காலிக் கூடுகள். தோட்டாவுக்குப் பதிலாக எழுத்து அச்சடித்த ஓர் அட்டையை உள்ளே செருகியிருப்போம். மேல்வரி பெரிய எழுத்து, அடிவரி பொடி எழுத்து. கை நீளத் தூரத்திலிருந்து எந்த வரி வரை படிக்க முடிகிறது என்று எழுதவேண்டும்.

ஆறு கூடுகள் திறந்தபடியே இருக்கும். மற்ற ஆறும் வாய் மூடி, மெழுகு ஊற்றி, காற்றுப் புகாமல் அடைக்கப்படவேண்டும். அடைப்பதற்கு முன்னால் ஈரம் உறிஞ்சுகிற உப்புப் பொட்டலம் ஒன்றைத் தவறாமல் உள்ளே போடவேண்டும். அதிகாரி இதை எனக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது முறை என்னையே சொல்லச் சொன்னார்.

பெட்டியைப் பழவேற்காடு கரையிலிருந்து திட்டுக்குப் படகில் கொண்டுவந்தவர் என் அக்காவின் கணவர். நான் மெழுகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது அவர் சட்டத்தின் நிழலில் குந்திக்கொண்டு ஒவ்வொரு கூடாக எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது? இதுக்குள்ள பூந்துதான் குண்டு வருதா?"

"காலி மாமா அது. வெச்சிடு."

"காலின்னா நீ இன்னாத்துக்கு மூடி மெழுகு ஊத்தற? சர்க்காருக்கு வேற வேல இல்லியா?"

"அத்த என்னக் கேட்டா? டில்லில போய்க் கேளு."

அவர் சிரித்தார். கையிலிருந்த ஒன்பதாம் எண் கூட்டை வாயருகே கொண்டுபோய், கன்னம் உப்ப, "ஃபூ" என்று ஒரே ஊது ஊதினார். பிறகு உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தி என்னிடம் நீட்டினார். "ம், மூடு."

எங்கள் ஆட்கள் எதை மூடினாலும் ஊதித்தான் மூடுவார்கள். கடலுக்குப் போகிறவன் பீடியையும் தீப்பெட்டியையும் ஒரு பாட்டிலில் போட்டுக் கட்டை அடைத்துக் கொண்டுபோவான். அடைப்பதற்கு முன் ஓர் ஊது. மணல் வெளியே போகவேண்டும் என்பதற்காக வந்த பழக்கம். மணல் இல்லாவிட்டாலும் ஊதுவார்கள். கை தானாகச் செய்கிற காரியம் அது. அவர் நீட்டிய வேகத்தில் என் கையும் தானாகவே வேலை செய்தது. மூடியை வைத்தேன், மெழுகை ஊற்றினேன். மறுநாள் சட்டைப் பையில் ஓர் உப்புப் பொட்டலம் மிச்சம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதை ஏரியில் போட்டேன்.

ஐப்பசி அமாவாசை கழிந்த நாலாம் நாள் மாமா கடலுக்குப் போனார். வாடைக்காற்று திடீரென்று ஏறியது. கூடப் போன மூன்று கட்டுமரங்கள் திரும்பிவிட்டன. அவருடைய மரம் மட்டும் இரண்டு நாள் கழித்து தெற்கே ஒதுங்கியது. துடுப்பு அதன் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இல்லை. மாமாவின் தம்பியும் நைனாவும் நானும் எட்டு நாள் கரையோரம் நடந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால் எங்கள் குப்பத்தில் மூன்று அமாவாசை பார்ப்பார்கள். மூன்றாவது அமாவாசையில் அவன் துடுப்பைக் கிடத்தி, அதையே குளிப்பாட்டி, கோடி போர்த்தி, காரியம் செய்வார்கள். அதுவரை அந்த வீட்டில் யாரும் தண்ணீரில் வலை இறக்கக்கூடாது. ஏரியில் எந்தெந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று குலுக்கல் முறையில் பாடு பிரித்திருப்பார்கள். மாமா வீட்டுப் பாடு நாட்கள் வந்தன, போயின. மாமாவின் தம்பி கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியானவள் ஒப்பி, தன் வாயால் சொன்னால்தான் காரியத்துக்கு நாள் வைக்கலாம். அவள் ஒப்பாவிட்டால் மூன்று அமாவாசை முப்பதானாலும் அந்த வீட்டு வலை காய்ந்துதான் கிடக்கும்.

அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். பகலில் எனக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவது அவள்தான். மாமா போன பிறகும் கொண்டுவந்தாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் எல்லாம் முகத்தைப் பார்க்கிறார்கள் என்றாள். திட்டில் அவள் முகத்தைப் பார்க்க நானும் காவல்காரப் பாயும்தான் இருந்தோம். பாய் பழவேற்காட்டு ஊர்க்காரர். அவருடைய பெரியவர்கள் ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு ஏற்றி வியாபாரம் செய்தவர்கள். அவர் கையில் ஒரு மூங்கில் தடியும் ஒரு குடையும் இருந்தன.

கார்த்திகையில் ஒரு நாள். மழை விட்டு வெயில் அடித்தது. மேகங்கள் துண்டு துண்டாக ஓடிக்கொண்டிருந்தன. நான் சாப்பிட, அக்கா சட்டத்தின் முன் நின்றுகொண்டிருந்தாள்.

"டேய், இது இன்னாடா?"

"இன்னாக்கா?"

"இங்க வா. மூச்சு வுடுது பாரு."

எனக்கு அது ஏற்கெனவே தெரியும். ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சுட்டால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகும். மேகம் மறைத்துக் காற்று அடித்தால் கண்ணாடி குளிர்ந்து, ஆவி அதன் உள்பக்கத்தில் படியும். வெயில் திரும்ப வந்தால் மறையும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆனாலும் பார்க்கப் பார்க்கப் பிடரி கூசும். பன்னிரண்டு கண்ணாடிகளில் பதினொன்று சும்மா இருக்கும். ஒன்பதாவது மட்டும், கீழ் முனையிலிருந்து வெள்ளையாக ஒரு படலம் எழும்பி, பாதி அட்டையை மறைத்து, ஒரு நிமிஷம் நின்று, மெல்ல இறங்கும். மறுபடி எழும்பும்.

எங்கள் கரையில் தண்ணீரில் போனவனைத் தூக்கிக் கொண்டுவந்தால் முதலில் அரிக்கேன் விளக்கின் சிம்னியைக் கழற்றி அவன் மூக்கருகே பிடிப்பார்கள். கண்ணாடி மங்கினால் உயிர் இருக்கிறது. மங்காவிட்டால் பெண்கள் அழ ஆரம்பிப்பார்கள். சிம்னியைப் பிடித்திருப்பவன் வாய் திறந்து எதுவும் சொல்லவேண்டியதில்லை. அக்கா அதைப் பலமுறை பார்த்தவள்.

"இது மட்டும் ஏன்டா இப்டி?" என்றாள்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். மூடி சரியில்லை, மழைத்தண்ணீர் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். உண்மையைச் சொல்வதுதான் படித்தவன் செய்கிற காரியம் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமாதான் அன்னிக்கு அதுக்குள்ள ஊதிட்டாருக்கா. நான் அப்டியே மூடிட்டேன். அந்த ஈரம்தான் சுத்திக்கினு கீது."

அக்கா மணலில் உட்கார்ந்தாள். சாயங்காலம் நான் பதிவேட்டை மூடுகிற வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் காலையிலேயே வந்தாள். சட்டத்துக்கு எதிரே, ஒன்பதாம் எண்ணுக்கு நேராக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். திட்டில் நடுப்பகல் மிகவும் அமைதியாக இருக்கும். ஏரி அசையாது. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் வரிசையாக நிற்கும். மேகத்தின் நிழல் ஏரிமேல் ஊர்ந்து வந்து எங்களைத் தாண்டிக் கடல் பக்கம் போகும். நிழல் எங்கள்மேல் இருக்கும்போது கண்ணாடி மங்கும். ஒரு நாள் நான் அக்காவைப் பக்கவாட்டிலிருந்து கவனித்தேன். படலம் எழும்பும்போது அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். அது நிற்கிற வரை பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது விட்டாள். அவளுக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். மேகம் பெரிதாக இருந்தால் அவள் முகம் கறுத்துப்போகும்.

"அக்கா" என்று கூப்பிட்டுத் தோளைத் தொட்டேன்.

"இன்னா?" என்று சாதாரணமாகத் திரும்பிப் பார்த்தாள்.

குப்பத்தில் செய்தி பரவியது. இரண்டு மூன்று பெண்கள் வேலிக்கு வெளியே வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். பாய் குடையை ஆட்டி விரட்டினார். "போம்மா, போம்மா. சர்க்கார் எடம். இங்க இன்னா கந்தூரியா நடக்குது? சோறு போடறாங்கன்னு வந்து நிக்கறீங்க."

"ஏன் பாய், மாப்ள துப்பாக்கிக்குள்ள பூந்துட்டாராமே, மெய்யாலுமா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா. உன் ஊட்டுக்காரனயும் இட்டா. ஒரு கூடு காலி கீது. அட்ச்சி மூடிடறேன். நீயும் நிம்மதியா தூங்கலாம்."

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாய் அன்று என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, சிரிச்சி அனுப்பிட்டேன். ஆனா அந்தப் பொண்ணு இப்டி ஒக்காந்துக்கினு இருக்கறது நல்லால்ல. எனக்கே அந்தப் பக்கம் நடக்கறதுக்கு ஒரு மாதிரி கீது" என்றார்.

கார்த்திகை அமாவாசை முடிந்த பிறகு மாமாவின் அம்மா, எங்களுக்கு அத்தை, திட்டுக்கு வந்தாள். சட்டத்தின் முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். வெயில் நின்று அடித்தது. கண்ணாடி தெளிவாக இருந்தது.

"ஒண்ணியும் இல்லியே" என்றாள்.

"இருங்க அத்தே. மோடம் வரட்டும்" என்றாள் அக்கா.

மேகம் வந்தது. வெள்ளைப் படலம் எழும்பியது. அத்தை பின்னால் ஓரடி வைத்தாள். பிறகு சமாளித்துக்கொண்டு, "என் வயித்துல பொறந்தவன் இவ்ளோண்டு டப்பாவுலயா இருப்பான்? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? சின்னவன் கரையில குந்திக்கினு கீறான். தை அமாவாசைக்கு நீ சரின்னு சொல்லணும்" என்றாள்.

"மூச்சு இருக்கும்போது யாருனா காரியம் பண்ணுவாங்களா அத்தே?"

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். 

அக்காவுக்குப் புரியவைக்கவேண்டியது என் பொறுப்பு என்று பட்டது. இலாகா உபரியாகக் கொடுத்த ஒரு கூடு இருந்தது. அவள் கண் முன்னாலேயே அதற்குள் ஊதி, மூடி, மெழுகு ஊற்றி, ஒன்பதுக்குப் பக்கத்தில் கட்டினேன். மறுநாள் மேகம் வந்தபோது இரண்டு கண்ணாடிகளும் மங்கின.

"பாத்தியா? யாரு ஊதினாலும் இப்டித்தான் ஆவும். ஈரம், அவ்ளோதான்."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது உன் மூச்சு. இது அவரு மூச்சு" என்றாள். நான் எதையோ நிரூபித்துக் காட்டியதற்கு நன்றி சொல்வதுபோல் இருந்தது அவள் குரல். பத்துப் பன்னிரண்டு நாளில் என் கூடு மங்குவதை நிறுத்திவிட்டது. மெழுகில் எங்கோ விரிசல் விட்டு ஈரம் வெளியே போயிருக்கும். ஒன்பதாம் எண் நிற்கவில்லை. அன்றிலிருந்து அக்கா என்னைக் கவலையோடு பார்க்கத் தொடங்கினாள். சோறு போடும்போது, "ஒடம்பு நல்லா கீதா?" என்று கேட்டாள்.

மார்கழியில் கடலில் ஒரு புயல் சின்னம். நாலு நாள் சூரியனே தெரியவில்லை. உள்ளே சூடு ஏறாததால் ஆவி எழும்பவில்லை. கண்ணாடி நாலு நாளும் ஒரே மாதிரி, வெறுமையாக, அடிவரி வரை தெளிவாகத் தெரிந்தது. பதிவேட்டில் நான் முழு மதிப்பெண் எழுதினேன். அக்கா முதல் நாள் சாயங்காலம் வரை பார்த்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். இரண்டாம் நாள் எழுந்திருக்கவில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் ஓரத்தில் வழிந்தது. அம்மா அவள் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் நான் கைவிரலை அவள் மூக்கருகே வைத்துப் பார்த்தேன். இருந்தது. மிக மெல்லியதாக இருந்தது. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "மங்குதுக்கா" என்றேன். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

அந்தக் கூட்டை யாராவது திறந்தால் அக்கா என்ன ஆவாள் என்பது அன்றிலிருந்துதான் என் கவலை. திறக்காவிட்டால் என்ன ஆவாள் என்பதும்.

வெயில் காலை முதல் அடித்த அந்த நாட்களில் கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாக் கண்ணாடிகளின் வெளிப்பக்கத்திலும் அப்பியது. துடைக்கக்கூடாது என்பது விதி. அக்காவிடமும் சொல்லியிருந்தேன். ஒரு நாள் பதிவேட்டின் நகலைத் தபாலில் சேர்க்க நான் பொன்னேரிக்குப் போகவேண்டியிருந்தது. திரும்பும்போது பிற்பகல். அக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கந்தல் துணி. பக்கத்தில் தேங்காய் ஓட்டில் சாம்பல். மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"தொடச்சேன்" என்றாள். "உப்பு மூடிக்கினு ஒண்ணியும் தெரில. இன்னும் நல்லாத் தெரியட்டும்னு."

அரிக்கேன் சிம்னியை எங்கள் வீடுகளில் அப்படித்தான் துடைப்பார்கள். முதலில் சாம்பல் போட்டுத் தேய்ப்பது, பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் ஒற்றுவது. கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். இது நிஜக் கண்ணாடி இல்லை. சாம்பல் பிளாஸ்டிக்கில் ஆயிரம் கீறல் போட்டிருந்தது. வெயிலில் மண்ணெண்ணெய் பட்டு மேற்பரப்பு முழுக்க மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. ஒன்பதாம் எண் கண்ணாடி வெந்த மீனின் கண்போல் வெளுத்துவிட்டது. மேல்வரியின் பெரிய எழுத்துக்கூடத் தெரியவில்லை.

நான் விரலால் அதைத் தடவிப் பார்த்தேன்.

"தேச்சாப் போயிடும் இல்ல?" என்றாள்.

"போவாதுக்கா."

"கொஞ்ச நாள் ஆனா?"

"போவாது."

மேகம் ஒன்று வந்து எங்களைக் கடந்து போனது. கண்ணாடி முன்பும் வெள்ளை, பின்பும் வெள்ளை. அக்கா அதை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவன். உனக்குத் தெரியும். இருக்குதா, இல்லியா?"

"இருக்குது" என்றேன்.

அப்புறம் தினமும் அதே கேள்வி. காலையில் ஒரு முறை, போகும்போது ஒரு முறை. நானும் வெறும் வெள்ளையைப் பார்த்து "இருக்குது" என்றேன். இரண்டு வாரம் அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் சாப்பிட்டாள், நடந்தாள். ஒரு நாள் பதில் சொல்வதற்கு முன்னால் நான் தும்மிவிட்டேன். அந்த இடைவெளியில் அவள் முகத்தைப் பார்த்தவன் நான். தும்மி முடித்து மூக்கைத் துடைக்காமலே "இருக்குது" என்றேன். அதன் பிறகு என் வாய்க்கு நானே பயந்தேன். ஒரு நாள் காய்ச்சலில் நான் வராவிட்டால்? இலாகா கூடுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டால்?

தை அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னால் அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, மெலிந்த, குரல் உயர்த்தாத மனிதர். பதிவேட்டைப் புரட்டி, சட்டத்தைச் சுற்றி வந்து, ஒன்பதாம் எண்ணின் முன் நின்றார்.

"இது எப்படி இப்படி வெளுத்தது? மத்ததெல்லாம் நல்லா இருக்கே. என்ன பட்டது இதுல?"

வேலிக்கு அருகே அக்கா எழுந்து நின்றாள். நான் ஒரு கணம் அவளைப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலம் போடாததை, அதை ஏரியில் எறிந்ததை, மாமா ஊதியதை, சாம்பலை, மண்ணெண்ணெயை. வேலை போகட்டும் என்று இருந்தது. 

அவர் கோபிக்கவில்லை. "மண்ணெண்ணெய்க்கு இப்படி ஆகும்னு தெரிஞ்சது நல்லதுதான். சிப்பாயும் இதைத்தான் செய்வான்" என்றார். "கூட்டை நான் எடுத்துட்டுப் போகணும். அங்கே அறுத்துப் பார்ப்பாங்க."

"சார்" என்றேன். 

அக்கா வந்து நின்றாள். அதிகாரியைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள். "எத்த அறுப்பாங்களாம்?"

"கூட்டைக்கா."

"எங்க?"

"தெரில. வடக்க எங்கியோ."

அவள் யோசித்தாள். காற்று அவள் முந்தானையை அடித்துக்கொண்டிருந்தது. "மெய்யச் சொல்லு. நான் தொடச்சதுக்கு அப்புறம் உனக்கு எதுனா தெரிஞ்சிதா? ஒரு நாளு, ஒரு வாட்டினா?"

பாய் குடையை மடக்கிக்கொண்டு தள்ளிப் போனார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "இல்லக்கா. ஒண்ணியும் தெரில. சொம்மாதான் சொன்னேன்."

அவள் விழுவாள் என்று என் கை தயாராக இருந்தது. விழவில்லை. "தெரியும்" என்றாள். "நீ சொல்லும்போது கண்ணு வேற பக்கம் போவும்." பிறகு, "யாரோ முகம் தெரியாதவன் அறுக்கறதுக்கு, நீயே தொற" என்றாள்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தலையசைத்தார்.

கூட்டைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து மணலில் வைத்தேன். வெயிலில் கிடந்து சுட்டது. கத்தியால் மெழுகைச் சுற்றிலும் கீறினேன். அக்கா எதிரே குந்தி, தன் உள்ளங்கையைக் கூட்டின் வாய்க்கு நேராக வைத்தாள். சிம்னி இல்லாதபோது தண்ணீரிலிருந்து எடுத்தவனின் மூக்கருகே கையை வைப்பார்களே, அப்படி. மூடியை நெம்பினேன். ஒரு சின்னச் சத்தம். "ப்ஹ்" என்றது. நான் பிடித்திருந்த விரல்களிலும் அது பட்டது. சூடாக, ஈரமாக, ஒரே ஒரு தடவை.

வெயிலில் அடைத்துக் கிடந்த காற்று விரிந்து வெளியே வரத்தான் செய்யும். சூடாகத்தான் இருக்கும். இதை நான் யாருக்கும் விளக்க முடியும். இதை எழுதுகிற இன்றும் என் வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் அந்த விளக்கத்தைக் கேட்பதில்லை.

அக்கா கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு மேகம் வந்து போனது. பிறகு விரல்களை மடக்கி மூடிக்கொண்டு எழுந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படகுத்துறையைப் பார்த்து நடந்தாள். நான் அதிகாரியிடம் அனுமதி கேட்கவும் மறந்து பின்னால் ஓடினேன். அவள் படகில் ஏறி உட்கார்ந்தாள். இடது கையால் படகின் விளிம்பைப் பிடித்திருந்தாள். வலது கையை மடியில் மூடியபடி வைத்திருந்தாள். அவள் மார்பு ஏறி இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டு வந்தேன். மேகத்தோடு சம்பந்தம் இல்லாமல், வேலை செய்து களைத்த எந்தப் பெண்ணுக்கும்போல் ஏறி இறங்கியது.

மாமா வீட்டு வாசலில் அத்தை இறால் ஓடு நீக்கிக்கொண்டிருந்தாள். மாமாவின் தம்பி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா அத்தையின் முன்னால் போய் நின்றாள்.

"தை அமாவாசைக்கு வெச்சிக்குங்க அத்தே."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கையில் இறால் இருந்தது. "நிச்சயமாவா சொல்ற?"

"கைல பட்டுச்சு. சூடாத்தான் இருந்துச்சு. போய்ட்டாரு."

அத்தை இறாலைச் சட்டியில் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அக்காவின் மூடிய வலது கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தாள். அந்த உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அழவில்லை. பிறகு அக்காவின் கையை விடாமலே, சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த மகனைக் காலால் எட்டி உசுப்பினாள்.

"டேய், எழுந்திரு. அண்ணன் துடுப்ப எடுத்துக்கினு வா. கழுவணும்."